வரப்பில் பாம்பு: பயமும் வேண்டாம், பச்சிலையும் வேண்டாம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கரடி. தாளவாடியில் யானை. மலையடிவாரத்து நண்பர்களை விதைத் திருவிழாக்களில் சந்திக்கும்போதெல்லாம், “ஒங்களுக்கென்னங்க, டெல்டாவுல காடும் கெடையாது, மிருகமும் கெடையாது, நிம்மதியாத் தூங்கலாம்” என்பார்கள். காடு கிடையாது, உண்மைதான். ஆனால் காவிரிப் படுகை உழவரும் ஒவ்வொரு நாளும் ஒரு காட்டுயிரோடுதான் வேலை செய்கிறார். அது கரடி மாதிரி எதிரே நின்று உறுமாது. வரப்புப் புல்லுக்குள், வைக்கோல் போருக்கு அடியில், மோட்டார் கொட்டகை ஓரத்தில் சத்தமில்லாமல் கிடக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 30 முதல் 69 வயதுக்குள் உள்ளவர்கள். கால்வாசிக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். பெரும்பாலான சாவுகள் கிராமத்தில், வீட்டிலேயே நடந்தவை. கரடியும் யானையும் சேர்ந்தாலும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வர முடியாது.

இயற்கை உழவர்களாகிய நாம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் இரண்டே முடிவுதான். ஒன்று, ‘பார்த்தா அடி’. இன்னொன்று, ‘அது நம்மள ஒன்னும் பண்ணாது, பண்ணுனா பச்சிலை இருக்கு’. இரண்டுமே ஆளைக் கொல்லும் முடிவுகள். நான் சொல்ல வருவது இதுதான்: வயலில் பாம்பு இருக்கட்டும், மாற வேண்டியது நம்ம பழக்கம். அதையும் மீறிக் கடித்துவிட்டால் மூலிகை தேடி ஒரு நிமிடம்கூடப் போகக்கூடாது. நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூலி கேட்காத ஆள்

மருந்தடிப்பதை நிறுத்திய இரண்டு மூன்று போகத்தில் வயலுக்கு என்னவெல்லாம் திரும்பி வருகிறது என்பது நமக்குத் தெரியும். முதலில் தவளை, தட்டான், சிலந்தி. அப்புறம் கொக்கும் நாரையும். தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். அதை வேண்டாத விருந்தாளியாக நினைக்க வேண்டியதில்லை. வயல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்.

கரம்பை எலி தூர்க் கட்டும் பருவத்தில் தூரைச் சாய்வாகக் கடித்துப் போடுகிறது. கதிர் முற்றியதும் வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கிறது. அறுப்பு முடிந்ததும் எலி வளையை வெட்டி நெல் எடுத்த பழக்கம் நம்ம ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். எலிக்கு நாம் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறோம், பனைமட்டையைத் தலைகீழாக நட்டு ஆந்தைக்கு உட்கார இடம் தருகிறோம். கிட்டியும் ஆந்தையும் வளைக்கு வெளியே வரும் எலியைத்தான் பிடிக்கும். வளைக்குள்ளேயே போய்க் குட்டியோடு தின்றுவிட்டு வரக்கூடிய ஆள் பாம்பு ஒன்றுதான். சாரையும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இந்த வேலையைக் காசு கேட்காமல் செய்கின்றன.

பாம்பை அடித்துவிட்டு எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு வைக்கிறவர் ஒரு விஷத்தைத் துரத்திவிட்டு இன்னொரு விஷத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். அதோடு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை அடிப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பாம்பை அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களையே கேட்டுப் பாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு

நீர்க்கோலி, சாரை, மண்ணுளி, ஓலைப்பாம்பு, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன் என்று நாம் பார்க்கிற பாம்புகளில் பல ஆளைக் கொல்லாதவை. கொம்பேறிமூக்கன் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பதெல்லாம் கதை. இங்கே உயிரை எடுப்பவை பெரும்பாலும் நான்கு வகைதான்.

கண்ணாடி விரியன் வயல்காட்டின் முதல் ஆபத்து. தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள். இது ஓடி ஒளியாது. சருகும் வைக்கோலும் கிடக்கும் இடத்தில் அதே நிறத்தில் அசையாமல் கிடக்கும். கிட்டே போனால் குக்கர் ஆவி விடுகிற மாதிரி சீறும். இது குட்டி போடும் இனம். ஒரே ஈத்தில் 20, 30 குட்டிகள் சாதாரணம். பிறந்த குட்டிக்கும் நஞ்சு உண்டு. இதன் நஞ்சு ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கட்டுவிரியன் வீட்டுக்குள் வரும் ஆபத்து. எட்டடி விரியன், எண்ணெய் விரியன் என்றும் சொல்வோம். பளபளக்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் சாதுவாகக் கிடக்கும், இரவில்தான் நடமாட்டம். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது. எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாமல் போகலாம்.

நல்ல பாம்பைப் படம் காட்டிக் கொடுத்துவிடும். நஞ்சு நரம்பைத் தாக்கும், கடித்த இடத்துச் சதையையும் அழுகச் செய்யும். நான்காவது சுருட்டை விரியன். சிறிய உருவம். உடம்பைச் சுருட்டிச் செதில்களை உரசி ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் எழுப்பும். ஈர வயலைவிட வறண்ட மேட்டு நிலமும் கல்லும் முள்ளும் உள்ள இடமும்தான் இதற்குப் பிடிக்கும்.

கட்டுவிரியன் மாதிரியே பட்டை போட்ட, நஞ்சில்லாத பாம்பும் உண்டு. அதனால் ‘இது ஒன்னும் செய்யாத பாம்பு’ என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த வேலையை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

இயற்கை வேளாண்மையில் எங்கே கவனம்?

நாம் செய்யும் பண்ணையத்தில் பாம்புக்குப் பிடித்த இடங்கள் அதிகம். மூடாக்கு, உயிர்வேலி, எருக்குழி, தழை வெட்டிப் போட்ட குவியல், மண்புழு உரக் கொட்டகை, வைக்கோல் போர் எல்லாமே அதற்கு நிழலும் கதகதப்பும் இரையும் தரும் இடங்கள். இவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. கை வைக்கும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

முதலில் வரப்பு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தள்ளித் திறந்தாலும், தண்ணீர் வருவதற்குள் அண்டை வெட்டி வரப்பைச் சீர்செய்வது நம் வழக்கம். அதை அந்த ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். வரப்பு அகலமாகவும் புல் மண்டியும் கிடந்தால் எலி வளை பெருகும், பாம்பும் அங்கேயே தங்கும். எல்லா வரப்பையும் மொட்டையடிக்க வேண்டாம். நாம் தினமும் நடக்கிற வரப்பை மட்டும் ஒல்லியாக, புல் குட்டையாக வைத்துக்கொண்டு, உயிர்ப் பன்மைக்கான புல்லையும் செடியையும் ஆள் நடக்காத ஓரத்தில் விடுங்கள். பாம்புக்கு ஒரு பக்கம், நமக்கு ஒரு பக்கம்.

அடுத்தது இரவுத் தண்ணீர். முறைத் தண்ணீர் ராத்திரியில் வந்தால் மடை திறக்க யாராவது போய்த்தான் ஆக வேண்டும். கையில் பேட்டரி லைட், கம்பு, காலில் கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். இந்த மூன்றும் மண்வெட்டி மாதிரி வேலைச் சாமான்கள். செல்போன் வெளிச்சம் போதாது. அது கையைக் கட்டிப்போட்டுவிடும், கால் வைக்கும் இடத்தையும் முழுதாகக் காட்டாது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் தரையின் அதிர்வு நன்றாகத் தெரியும். அதனால் கம்பால் முன்னே தட்டிக்கொண்டு காலை அழுத்தி வைத்து நடந்தால் பல பாம்புகள் தாமாகவே விலகிவிடும். கண்ணாடி விரியன் மட்டும் விலகாது. அதற்குத்தான் வெளிச்சம்.

பூட்ஸ் பற்றிப் பேசினால் களை பறிக்கும் அக்காமார்கள் சிரிப்பார்கள். “சேத்துல பூட்ஸு போட்டா காலு வருமா தம்பி, பூட்ஸு வருமா?” என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. உழவடித்த சேற்றில் கம்பூட் போட்டு நட முடியாது, களை எடுக்க முடியாது. ஆனால் கடி நடப்பது சேற்றில் மட்டும்தானா? வரப்பில் நடக்கும்போது, கதிர் அறுக்கும்போது, தழை வெட்டும்போது, உளுந்து பறிக்கும்போது தரை காய்ந்துதான் இருக்கிறது. அங்கே போடலாம். களை பறிக்கும்போது குத்துக்குள் கை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் விலக்கிப் பார்க்கலாம். தடித்த கையுறை, பூட்ஸ் எல்லாம் நிலத்துக்காரர் வாங்கித் தர வேண்டிய பொருள்கள். கூலியாளின் உயிர் அவருடைய சொந்தப் பொறுப்பு என்று நாம் ஒதுங்க முடியாது. களைக்கொல்லி அடிக்காமல் நம் வயல் நிற்பதே அவர்கள் கையால்தான்.

மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயர்ந்து வளரும் பாரம்பரிய ரகங்கள் சாய்ந்து கிடக்கும் வயலில் தரையே தெரியாது. அறுப்புக்கு முதல் நாள் வயலைச் சுற்றி நன்றாகத் தட்டிவிட்டு வாருங்கள். ஆள் வைத்து அறுத்தாலும் இயந்திரம் விட்டாலும், நாலு பக்கமும் வளைத்துக்கொண்டு நடுவுக்கு வராமல், ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து மறுபக்கம் போங்கள். அப்போது எலியும் பாம்பும் வெளியேற வழி இருக்கும். வளைத்து அறுத்தால் எல்லாம் கடைசித் துண்டில் வந்து சேரும். எலி பிடிக்கச் சின்னப் பிள்ளைகள் ஓடி வருவதும் அந்தக் கடைசித் துண்டுக்குத்தான்.

வைக்கோல் போரிலிருந்து கையால் உருவாதீர்கள். நீளமான கொக்கியோ கவைக்கம்போ வைத்து முதலில் இழுங்கள், அப்புறம் அள்ளுங்கள். எருக்குழியையும் மூடாக்கையும் கவைக்கம்பால் கிளறிய பிறகே கை படலாம். விறகு, செங்கல், காலிச் சாக்கு எல்லாவற்றையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி வையுங்கள். மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்ததும் உடனே ஸ்டார்ட்டரில் கை வைக்காமல் தரையையும் பெட்டியின் மேலும் கீழும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

படுக்கை

வயலில் அத்தனையும் கவனித்துவிட்டு வீட்டில் பாயைப் போட்டுத் தரையில் படுத்தால் பயன் இல்லை. களத்தில் நெல்லுக்குக் காவல் படுக்கிறவர்கள், திண்ணையில் படுக்கும் பெரியவர்கள், கூரை வீட்டில் தரையில் வரிசையாகப் படுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டுவிரியன் ஆபத்து உண்டு.

இதற்குத் தீர்வு மலிவானது. கட்டிலும் கொசுவலையும் போதும். வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் தூங்குகிறவர்களைப் பாம்பு கடிப்பது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. அதுவும் நம்மைப் போன்ற நெல் விளையும் பூமிதான். கட்டிலுக்கு வசதி இல்லாவிட்டாலும் தரைப்பாயைச் சுற்றி வலையைச் செருகிக்கொள்ளலாம். நெல் மூட்டையும் கோழிக் கூண்டும் படுக்கும் அறைக்குள் வேண்டாம். நெல்லைத் தேடி எலி வரும், எலியைத் தேடி அது வரும்.

வீட்டைச் சுற்றி உப்பு, பூண்டுக் கரைசல், பினாயில் தெளிப்பது, ஆகாசகருடன் கிழங்கு கட்டித் தொங்கவிடுவது, சிறியாநங்கை நடுவது எல்லாம் மனசுக்கு ஆறுதல். அவற்றை நம்பி விளக்கும் வலையும் இல்லாமல் இருந்துவிடக்கூடாது.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால்

நின்றுவிடுங்கள். எந்தப் பக்கம் அது இருக்கிறது, எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வாருங்கள். ஆள் நீளத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அது துரத்தி வந்து கடிக்காது. பாம்பு பழி வாங்கும் என்பதும், ஜோடியைக் கொன்றவரைத் தேடி வரும் என்பதும் சினிமா. கம்பால் தள்ளுவது, வாலைப் பிடிப்பது, படம் பிடிக்கக் கிட்டே போவது வேண்டாம். செத்ததுபோல் கிடக்கும் பாம்பையும் தொட வேண்டாம். வெட்டிய தலைகூடச் சற்று நேரம் கடிக்கும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகளையும் மாட்டையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, ஒருவர் தூரத்திலிருந்து அதன் மேல் கண் வைத்திருக்கட்டும். இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யட்டும். தீயணைப்புக்கு 101, அல்லது 112.

கடித்துவிட்டால்

இங்கேதான் உயிர் போவதும் பிழைப்பதும் முடிவாகிறது. செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

கடிபட்டவரை உட்கார அல்லது படுக்க வையுங்கள். “ஒன்னுமில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்று தைரியம் சொல்லுங்கள். நஞ்சு பெரும்பாலும் நிணநீர் வழியாகத்தான் பரவுகிறது. தசை அசைய அசைய அது வேகமாகப் பரவும். அதனால் ஓடவிடக்கூடாது, நடக்கவும் விடக்கூடாது. எலும்பு முறிந்தால் செய்வது மாதிரி கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், அரைஞாண், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றுங்கள்.

108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் கார், ஆட்டோ, எது இருந்தாலும் சரி. பைக் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்கார வைத்துக் கொண்டுபோகலாம். வாந்தி வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தையும், கண் சொருகியது, வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது எப்போது தெரிந்தது என்பதையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை: கயிறு, துணி, வயர் எதைக் கொண்டும் இறுக்கிக் கட்டக்கூடாது. ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகி எடுக்க வேண்டி வரும். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் படக்கென்று அவிழ்த்துவிட வேண்டாம். தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் பாயும். மருத்துவர் முன்னால் அவிழ்க்கட்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சூடு போடுவது, மின்சாரம் கொடுப்பது எதுவும் கூடாது. கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் உறையாது. கீறினால் ரத்தம் நிற்காது. சாராயம் கூடாது, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரையும் கூடாது. பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. நான்கு வகைக்கும் ஒரே மருந்துதான்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒருவர் காரணம் தெரியாத வயிற்று வலி, வாந்தியோடு எழுந்து, கண் இமை தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகப்படுங்கள். ‘ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல’ என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. இந்த நஞ்சு மூச்சுத் தசையை முடக்கும். ஆள் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் கிடப்பார். ஆனால் நாம் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும். செயற்கை மூச்சு கொடுத்து வைத்திருந்தால் நாட்கணக்கில் கழித்தும் எழுந்து நடப்பார்கள். அதனால், ‘முடிஞ்சுபோச்சு’ என்று யாரும் பாதி வழியில் வண்டியைத் திருப்பக்கூடாது.

பச்சிலையும் மந்திரிப்பும்

இனி, நம்மவர்களில் சிலருக்குக் கோபம் வரக்கூடிய இடத்துக்கு வருகிறேன். மண்ணையும் மூலிகையையும் நம்புகிறவர்கள் நாம். பூச்சிக்கு இலைக் கரைசல், காய்ச்சலுக்குக் கஷாயம் என்று வாழ்கிறோம். அதனால் பாம்புக்கடிக்கும் பச்சிலை இருக்கும் என்று நம்புவது எளிது. ‘எங்க தாத்தா நூறு பேரைக் காப்பாத்தினாரு’ என்று சொல்பவரும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்.

அந்தத் தாத்தா பொய் சொல்லவில்லை. அவரிடம் வந்தவர்களில் பலர் நிஜமாகவே பிழைத்தார்கள். காரணம் வேறு. நஞ்சில்லாத பாம்பு கடித்தவர்கள் எப்படியும் பிழைப்பார்கள். நஞ்சுள்ள பாம்பும் எல்லாக் கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. சில கடி வெறும் கடி, சிலவற்றில் கொஞ்சம்தான் இறங்கும். இவர்கள் எல்லாம் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். முழு நஞ்சு இறங்கியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கணக்கை விதியின் பேரில் எழுதிவிட்டோம்.

ஆடுதின்னாப்பாளையை நாம் பூச்சிவிரட்டிக் கரைசலில் போடுகிறோம். அதையே அரைத்துப் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அந்தச் செடியில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். கண்ணாடி விரியன் நஞ்சும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதன் மேல் இதையும் ஊற்றினால் என்ன ஆகும்? ஆடு தின்னாத இலை என்று பேர் வைத்த முன்னோர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். விழுங்க முடியாதவர் வாயில் கஷாயத்தை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், வைத்தியர் வீட்டு வாசலில் கழியும் அந்த ஒரு மணி நேரம்.

அந்த ஊசியும் நம்ம மண்ணின் அறிவுதான்

‘இங்கிலீஷ் மருந்து’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாம்புக்கடி முறிமருந்து ஆலையில் ரசாயனம் கலக்கிச் செய்தது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு நஞ்சைக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்க்கும் சத்தை உண்டாக்குகிறது. ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தால் அதுதான் மருந்து.

அந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் இதற்குப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதியைத் தருவது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. அதற்கு முன் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர்கள். சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றபோது வாழ வழி இல்லாமல் போனது. பாம்பைக் கொல்லாமல், நஞ்சை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் வேலையை இந்தச் சங்கம் உண்டாக்கியது. வரப்பில் ஒரு தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவு அவர்களுடையது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது அந்த அறிவுக்குத்தான். ஆக, அந்தக் குப்பியில் இருப்பது பழங்குடி மக்களின் மரபறிவும் ஒரு குதிரையின் ரத்தமும். அதைவிட நம்மவர் மருந்து வேறு எது?

இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடி என்று வந்த எல்லோருக்கும் ஏற்ற மாட்டார்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் நஞ்சு இறங்கியிருக்கிறது. நரம்பு பாதித்த அடையாளங்களையும் பார்ப்பார்கள். தேவை என்றால் வழக்கமாக முதலில் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளந்து போடுவதில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் 24 மணி நேரம் அங்கேயே இருங்கள். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று எழுந்து வந்துவிடாதீர்கள். வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைந்தாலோ, ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் சாவுகளைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் ஒவ்வொரு கடியையும் ஒவ்வொரு சாவையும் இனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எண்ணிக்கை தெரிந்தால்தான் எந்த ஊரில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று கேட்க முடியும். வீட்டிலேயே நடக்கும் சாவு அந்தக் கணக்கில் வராது. அதனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் கடைமடை ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் கேள்வியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பிக்க வேண்டும். வரும் கிராம சபையில் நான்கு கேள்விகளைத் தீர்மானமாகக் கொண்டுபோவோம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறிமருந்து எத்தனை குப்பி இருக்கிறது? ராத்திரியில் அதை ஏற்ற மருத்துவர் இருக்கிறாரா? நஞ்சின் அடையாளம் தெரிந்தால் முதல் தவணையை இங்கேயே ஏற்றிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா? செயற்கை மூச்சு, டயாலிசிஸ் வசதியோடு இரவும் பகலும் சேர்த்துக்கொள்ளும் அடுத்த மருத்துவமனை எது? பதிலை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதிப் போடச் சொல்வோம். கடிபட்ட பிறகு விசாரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முறைத் தண்ணீரைப் பிரித்துக்கொள்ளும்போது, ராத்திரி முறை வருகிறவர் தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போக ஏற்பாடு செய்யலாம். நம் உழவர் குழுக்கள் விதையும் கோனோ வீடரும் பொதுவில் வாங்கி வைத்திருப்பது மாதிரி, நாலு ஜோடி பூட்ஸும் நாலு நல்ல பேட்டரி லைட்டும் வாங்கி வைக்கலாம். நாலைந்து பேர் பங்கு போட்டால் பெரிய செலவு இல்லை.

சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழை பிடித்ததும் வளைகளில் தண்ணீர் ஏறும். எலியும் பாம்பும் மேட்டைத் தேடி வரப்புக்கும் களத்துக்கும் வீட்டுக்கும் ஏறி வரும். அதற்குள் கட்டிலையும் வலையையும் சரி பண்ணிக்கொள்ளுங்கள், பேட்டரியை மாற்றி வையுங்கள், ஆஸ்பத்திரி எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.